கார்புரேட்டர் மாருதி 800: ஓடும்போது நின்றுபோகிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-ன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. 2000-ஐ ஒட்டி எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வரும்வரை, அந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர்தான். இங்கே சொல்வதெல்லாம் அந்தக் கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றி. அதே இன்ஜின் உள்ள பழைய ஆம்னிக்கும் அப்படியே பொருந்தும். பெட்ரோல் அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களும் இடங்களை மட்டும் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது. மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒர்க்‌ஷாப் போய்விடலாமா?

முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். எங்காவது ஈரம், சொட்டு, பைப் நுனியில் தொங்கும் துளி தெரிந்தால் சாவியைத் தொடாதீர்கள். இழுத்துக்கொண்டு போகலாம், அல்லது மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் கீழேயே தேங்கும். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேகூட அது தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும் பொருள். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். கார்புரேட்டரும் பொறி பறக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே பானெட்டுக்குள் கிட்டக் கிட்டத்தான் இருக்கின்றன.

சொட்டு இல்லை, சைலன்சரிலிருந்து மட்டும்தான் எரியாத பெட்ரோலின் பச்சை வாடை என்றால் கொஞ்ச தூரம் ஓட்டலாம். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) கட்டாயமானது. உங்கள் வண்டியில் அது இன்னும் இருந்தால், எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து கன்வர்ட்டரைச் சிவக்கச் செய்யும். காய்ந்த புல், சருகு மேலே நிறுத்தாதீர்கள்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜின் ஆறிய பிறகு, காலையில், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் தேடுங்கள். ஓடி முடித்த சூட்டில் கசிவு உடனே ஆவியாகிவிடும், கண்ணில் படாது. இரவு நிறுத்தும்போது பானெட்டுக்கு நேர் கீழே ஒன்று, பின்பக்கம் டேங்குக்கு நேர் கீழே ஒன்று என்று இரண்டு அட்டையைப் போட்டு வையுங்கள். காய்ந்த பெட்ரோல் தண்ணீர் போலக் காணாமல் போகாது. ஓரத்தில் மஞ்சள் பழுப்பாக ஒரு வளையம் விட்டுப் போகும். கார்புரேட்டரின் வெளிப்பக்கத்திலும் அதே பழுப்புக் கறைதான் துப்பு. கறை எந்த மூட்டில் தொடங்கிக் கீழே வழிந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு.

டேங்க் ஃபுல் செய்த அன்று மட்டும் காருக்குள் வாடை, இரண்டு நாளில் போய்விடுகிறது என்றால் இன்ஜின் பக்கமே போக வேண்டாம். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ரப்பர் ஓஸ், அல்லது டேங்கின் மேலே இருக்கும் ஃபியூல் கேஜ் யூனிட்டின் கேஸ்கெட். இந்த இரண்டில் ஒன்று வெடித்திருக்கும். பாதி டேங்கில் பெட்ரோல் அந்த உயரத்தைத் தொடாது, அதனால்தான் வாடை வந்து வந்து மறைகிறது.

ரப்பர் ஓஸைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். கையால் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது நன்றாகத் தெரியும் ஓஸ், வளைத்ததும் கிளிப்புக்குப் பக்கத்தில் மெல்லிய வெடிப்புகளைக் காட்டும்.

வண்டி நிற்பதற்கும் வாடைக்கும் காரணம் ஒன்றுதானா?

பலர் தவறும் இடம் இதுதான். மூன்று விதமாக இருக்கலாம். பெட்ரோல் அதிகமாகி, அதனால் வாடையும் அடித்து இன்ஜினும் அணையலாம். பெட்ரோல் வெளியே கசிந்து, கார்புரேட்டருக்குப் போதாமல் அணையலாம். மூன்றாவது: பொறி வராமல் இன்ஜின் அணைகிறது, நீங்கள் செல்ஃப் அடிக்க அடிக்க எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே வெளியேறி வாடை அடிக்கிறது. இந்த மூன்றாவதில் கார்புரேட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் முதலில் கழற்றப்படுவது அதுதான்.

ஆகவே முதல் கேள்வி, வாடை முன்னால் வந்ததா, வண்டி முன்னால் நின்றதா? ஓடும்போதே வாடை வந்து, பிறகு தடுமாறி நின்றால் பெட்ரோல் பக்கம் போங்கள். சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்று, செல்ஃப் அடித்த பிறகுதான் வாடை என்றால் எலக்ட்ரிக்கல் பக்கம். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டி அப்படிச் சட்டென்று நிற்காது. இழுத்து, குலுங்கி, மிஸ் ஆகி நிற்கும்.

சிக்னலில் நின்றால் அணைகிறது. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது. ஸ்லோ ஏற்றி வைத்தால் போதுமா?

ஸ்லோ ஸ்குரூவை ஏற்றினால் நோய் மறையும், தீராது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில், நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்று ஓட வேண்டிய இன்ஜினை 1,300-ல் ஓடவிட்டால் அணையாதுதான். பெட்ரோல் குடிக்கும், அவ்வளவே.

ஐடிலிங்கில் மட்டும் அணைவதற்கு முதல் சந்தேகம் ஐடில் ஜெட் அடைப்பு. ஊசி முனை போன்ற துளை, டேங்க் துரு ஒரு துகள் போதும். அடுத்தது ஃபியூல் கட் சோலனாய்டு, அதாவது சாவியை அணைத்ததும் பெட்ரோலை அடைக்கும் மின் வால்வு. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல், சோலனாய்டு வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் வயரில் கரன்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்பில் பாருங்கள். கரன்ட் வந்தும் சத்தமில்லை என்றால் சோலனாய்டு போய்விட்டது. பெட்ரோல் சொட்டு இருக்கும்போது இந்தச் சோதனை கூடாது.

மூன்றாவது, காற்று இழுப்பது. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட், மானிஃபோல்டிலிருந்து (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) போகும் சின்ன வாக்குவம் ஓஸ்கள். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு ஓஸாக இடுக்கியால் மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது இன்ஜின் ஓட்டம் சீராகிறதோ அதன் வழியே காற்று போகிறது. சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் மானிஃபோல்டுக்குப் பக்கத்தில் அந்த வித்தை வேண்டாம்.

குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக்கையும் மறக்காதீர்கள். டேஷ்போர்டில் குமிழை உள்ளே தள்ளியதால் சோக் மூடி திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். ஏர் கிளீனரைக் கழற்றி எட்டிப் பாருங்கள். மூடி நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். கேபிளுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டதோடு தீர்ந்த வண்டிகள் உண்டு.

‘ஓவர்ஃப்ளோ’ என்கிறார்கள். அப்படியென்றால்?

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மிதவை மேலே வந்து குழாயை அடைக்கிறது இல்லையா, அதே வேலையைத்தான் கார்புரேட்டர் கிண்ணத்தில் ஃப்ளோட்டும் நீடில் வால்வும் செய்கின்றன. நீடில் உட்காரும் இடத்தில் தூசி சிக்கினாலோ, நீடில் முனை தேய்ந்து வளையம் விழுந்தாலோ அடைக்காது. பெட்ரோல் நிரம்பி இன்ஜினுக்குள்ளும் வெளியேயும் வழியும்.

அறிகுறிகள்: கறுப்புப் புகை, நனைந்து கரியேறிய பிளக், ஐடிலிங்கில் ‘தொப் தொப்’ என்று அடித்து அணைவது, திரும்ப ஸ்டார்ட் செய்ய ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தால்தான் பிடிப்பது. கிண்ணத்தை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் வழிவது நின்றால் தூசி. நீடிலைக் கழுவினால் போதும், ஃபில்டரையும் மாற்றுங்கள். தட்டியும் நிற்கவில்லை என்றால் நீடில், சீட் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். புது நீடிலைப் பழைய சீட்டில் உட்கார வைப்பது பாதி வேலை.

ஃப்ளோட்டைக் கழற்றி காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே ‘சலக்’ என்று கேட்டால் ஓட்டை. சத்தம் கேட்காவிட்டாலும், சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடித்தால் ஓட்டை உள்ள இடத்திலிருந்து குமிழி வரும். கழுவித் துடைத்த பிறகு, பெட்ரோல் டப்பாவை விட்டுத் தள்ளிவைத்து இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பைப் அடைத்திருந்தாலும், நசுங்கியிருந்தாலும் பம்பின் அழுத்தம் முழுக்க நீடில் மேல் விழும். நல்ல நீடிலும் அதைத் தாங்காமல் விட்டுக்கொடுக்கும். புது நீடில், சீட் போட்டும் ஓவர்ஃப்ளோ தொடர்ந்தால் ரிட்டர்ன் பைப்பை டேங்க் பக்கமாக ஊதிப் பாருங்கள்.

டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஆயில் அளவும் கூடியிருக்கிறது. எப்படி?

உடனே வண்டியை நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இன்ஜினையே தின்றுவிடக்கூடியது இதுதான்.

800-ல் பெட்ரோல் பம்ப் கரன்ட்டில் ஓடுவதில்லை. கேம் ஷாஃப்ட் சுழற்சியில் ஒரு டயாஃப்ரம் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுக்கிறது. டயாஃப்ரத்துக்கு ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் இன்ஜின் ஆயில். அது கிழிந்தால் பெட்ரோல் இன்ஜினுக்குள்ளேயே இறங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. தரையில் கறை இல்லை, பைப்பில் ஈரம் இல்லை, ஆனால் ஓடும்போது வாடை மட்டும் நிற்காது.

இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. சூடான ஆயிலில் கலந்த பெட்ரோல் ஆவியாகி, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் ஓஸ் வழியாக ஏர் கிளீனருக்குப் போய், அங்கிருந்து கார்புரேட்டருக்குள் நுழைகிறது. கார்புரேட்டர் சரியான அளவில் கலந்தாலும், மேலிருந்து ஓசியில் வரும் ஆவி கலவையைக் கெடுத்து ஐடிலிங்கை அணைத்துவிடும். ஒரு 1996 மாடல் இப்படித்தான் வந்தது. கார்புரேட்டரை இரண்டு இடத்தில் பிரித்து மாட்டியிருந்தார்கள், ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவின் தலை தேய்ந்தே போயிருந்தது. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் ‘ஃபுல்’ கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நின்றது. டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு வைத்ததும், நடுவில் கறுப்பும் சுற்றிலும் அகலமான வெளிறிய ஈர வளையமுமாகப் பரவியது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிரீதர் ஓஸை ஏர் கிளீனரிலிருந்து கழற்றியதும் ஐடிலிங் தானாகச் சீரானது.

பம்பை மாற்றினால் மட்டும் போதாது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் அன்றே மாற்ற வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராக நீர்த்துப்போய் பேரிங்கைக் காப்பாற்றாது. நீடில் வால்வு வழிந்து, இரவு முழுக்க சிலிண்டர் வழியாகப் பெட்ரோல் இறங்கியும் ஆயில் அளவு கூடலாம். ஆகவே இரண்டையும் பாருங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் இந்தத் தொல்லை. ‘ஏர் லாக்’ என்கிறார் மெக்கானிக். சரியா?

பாதி சரியாக இருக்கலாம். சூட்டில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. வாடையை வைத்தே பிரித்துவிடலாம்.

பம்பிலோ பைப்பிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இழுவை குறைந்து நிற்கும். வாடை அநேகமாக இருக்காது. ஈரத் துணியைப் பம்ப் மேல் போட்டு ஆறவிட்டால் கிளம்பும். இதுதான் ஊரில் சொல்லும் ஏர் லாக்.

மற்றது, நன்றாக ஓடி வந்து, கடை வாசலில் கால் மணி நேரம் நிறுத்தி, திரும்ப வந்தால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது. நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து மானிஃபோல்டுக்குள் வழிகிறது. இதில் வாடை தூக்கலாக இருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடியே, விட்டு விட்டு மிதிக்காமல், செல்ஃப் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் தடித்த சூடு தாங்கும் கேஸ்கெட்டை யாராவது மெல்லிய அட்டை கேஸ்கெட்டாக மாற்றியிருந்தால் இந்தத் தொல்லை கூடும். அதைக் கட்டாயம் பாருங்கள்.

மூன்றாவது ஆளும் வெயிலில்தான் வருவார்: பொறிக்கான மின்சாரத்தைத் தரும் இக்னிஷன் காயில், பாயின்ட் வைத்த மிகப் பழைய மாடலில் கண்டென்சர். சூடானதும் பொறியை நிறுத்தி, ஆறியதும் ஒன்றும் தெரியாதது போல வேலை செய்யும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பொறி இருக்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும். வீட்டுக்கு இழுத்து வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பெட்ரோல் வாடை இருக்கும்போது பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துப் பொறி பார்க்காதீர்கள். பிளக்குக்கும் வயருக்கும் நடுவில் மாட்டும், மூடிய விளக்குள்ள ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கிறது, அதை வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் நிற்கிறது, கொஞ்சம் காத்திருந்தால் கிளம்புகிறது. வெயிலும் இல்லை.

அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால், டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. மூடியை மாற்றும்போது வேறு வண்டியின் மூடியை மாட்டிவிடுவதும் உண்டு. ‘உஸ்’ இல்லையென்றால் டேங்க் அடியில் துரு. ஓடும்போது உறிஞ்சு குழாயின் வாயில் வந்து ஒட்டிக்கொண்டு, நின்றதும் விழுந்துவிடும். ஃபில்டருக்குள் காப்பித்தூள் நிறத்தில் படிவு இருந்தால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான்.

இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் எல்லாம் தொடங்கியது என்கிறார்களே?

கொஞ்சம் உண்மை, கொஞ்சம் சாக்கு. இந்தியாவில் 10 சதவீத எத்தனால் கலப்பு 2022-ல் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த இ20-ன் சில்லறை விற்பனை 2023-ல் தொடங்கியது. உங்கள் வண்டி செய்யப்பட்டபோது அதன் ரப்பருக்கு இந்தக் கணக்கு தெரியாது. பழைய ஓஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் ஓ-ரிங் ஆகியவை எத்தனாலில் ஊறி வீங்கும், பிறகு காய்ந்து வெடிக்கும். வாடைக்கு இது நேரடிக் காரணம்.

நிற்பதற்கும் பங்கு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எம்பிஎஃப்ஐ வண்டியில் சென்சார் பார்த்துக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட் துளை அளவு மாறாது; கலவை மெலிந்துபோகும். ஐடிலிங்கில் மிக்சர் ஸ்குரூவை அரைச் சுற்றுக்குள் திறந்து சரிசெய்ய முடிகிறதா என்று பார்க்கலாம்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும், டேங்கின் பழைய படிவுகளையும் கரைத்துக் கொண்டுவரும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பவர்களுக்குத்தான் பெரிய பாதிப்பு. ஓஸ் மாற்றும்போது ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சிட்ட ஓஸாகக் கேட்டு வாங்குங்கள், எத்தனாலைத் தாங்கும். மீட்டர் கணக்கில் விற்கும் பெயரில்லாத கறுப்பு ஓஸ் வேண்டாம்.

புகைப் பரிசோதனை சீட்டைப் பார்த்து ஏதாவது தெரியுமா?

நிறைய. பலர் அதைக் கண்ணாடியில் ஒட்டுவதோடு சரி. பிஎஸ்2 (பாரத் ஸ்டேஜ் 2) புகை விதிக்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் என்பது வரம்பு. மோனாக்சைடு ஏறி நின்றால் பெட்ரோல் அதிகம்: சோக், ஃப்ளோட், பம்ப் பக்கம் போங்கள். மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது: பிளக், வயர், காயில், அல்லது காற்று இழுப்பு. நேர்மையாகச் சோதிக்கும் இடத்தில் எடுங்கள். குழாயைச் சைலன்சருக்குள் விடாமலே சீட்டு அடித்துக் கொடுக்கும் இடத்தில் எடுத்தால் எண்கள் அழகாகத்தான் இருக்கும்.

எல்பிஜியிலும் ஓடும் வண்டி. பெட்ரோலுக்கு மாற்றினால் மட்டும் நிற்கிறது.

நீண்ட நாள் கேஸிலேயே ஓட்டியிருப்பீர்கள். கிண்ணத்துப் பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும், டயாஃப்ரமும் விறைத்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள். வாடை பெட்ரோல் வாடைதானா என்பதையும் உறுதிசெய்யுங்கள். அழுகிய முட்டைக்கோஸ் போல அடித்தால் அது கேஸ் கசிவு. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, எந்த சுவிட்சையும் தொடாமல் விலகி நில்லுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது? கார்புரேட்டரையே புதிதாக மாற்றச் சொல்கிறார்.

‘கார்புரேட்டர் கிளீன் பண்ணுங்க’ என்று நீங்களே மருந்தைச் சொல்லாதீர்கள். எப்போது நிற்கிறது, வாடை முன்னா பின்னா, டேங்க் எவ்வளவு இருந்தது, ஆயில் அளவு என்ன என்று மட்டும் சொல்லுங்கள். நான் செலவழிக்கும் வரிசை: டிப் ஸ்டிக், ஓஸ்களும் கிளிப்புகளும், ஃபில்டர், சோக் கேபிள், பிளக் (இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.), பம்ப், அதற்குப் பிறகே கார்புரேட்டர். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது தீர்த்தது என்று யாருக்கும் தெரியாது.

கழற்றியே ஆக வேண்டும் என்றால், மிக்சர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்த விடாதீர்கள். காற்றால் ஊதினால் போதும். தேய்ந்த ஒரிஜினல் கார்புரேட்டரைவிடப் பெயர் தெரியாத புதுசு பெரும்பாலும் மோசம் என்பது என் கருத்து. ஆக்சிலேட்டரோடு திரும்பும் திராட்டில் ஷாஃப்ட் ஆட்டம் கண்டு பக்கவாட்டில் காற்று இழுத்தால் மட்டும் மாற்றுவதில் நியாயம் உண்டு. அப்போதும் ஷாஃப்ட்டுக்குப் புஷ் போட்டுத் தரும் லேத் பட்டறை ஊரில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகும் லேசாக வாடை இருக்கிறதே?

ஏர் ஃபில்டரைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். ஓவர்ஃப்ளோ ஆன வண்டியில் ஃபில்டர் காகிதம் பெட்ரோலைக் குடித்து வைத்திருக்கும், மாற்றிவிடுங்கள். பின்சீட்டுக்கு அடியில் கசிந்திருந்தால் கார்ப்பெட்டும் அதன் கீழே உள்ள பஞ்சும் வெயிலில் சில நாள் காய வேண்டும். ஸ்பிரே அடித்து மறைக்காதீர்கள், மறுபடி கசிந்தால் தெரியாமல் போய்விடும். ஒரு வாரம் காய்ந்த பிறகும் வாடை இருந்தால் இரண்டு அட்டையையும் மறுபடி அடியில் போட்டு, முதலிலிருந்து தேடுங்கள்.